உரிமச் சாவியும் உழுதவன் பதிவேடும்

கணினியிலுள்ள இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதற்குத் தஞ்சை, குடந்தை, மன்னார்குடிப் பக்கத்துக் கணினிக் கடைகளில் வழங்கும் பெயர் 'ஃபார்மட் அடிப்பது'. சொல்லிலேயே ஒரு வன்மை இருக்கிறது. அடித்து முடித்த பின் கணினி பளிச்சென்று இருக்கும். ஆனால் நேற்றுவரை அதில் குடியிருந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றும் மீண்டும் நுழையும்போது ஒரே கேள்வியைக் கேட்கும்: உரிமச் சாவி எங்கே? காசு கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் புழங்கியவர் தன் பொருள் தன்னுடையது என்பதை மறுபடியும் நிரூபிக்க வேண்டும். ரசீது எங்கோ போயிருக்கும், குறுந்தகட்டின் உறை கிழிந்திருக்கும், விற்றவர் கடையை மூடிவிட்டிருப்பார்.

இது தொழில்நுட்பர்களின் தலைவலி, இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1990களில் தொடங்கிக் குறைந்தது இருபது ஆண்டுகள், தமிழில் அச்சான நூல்களிலும் சிற்றிதழ்களிலும் மிகப் பெரும்பாலானவை கணினியில்தான் கோக்கப்பட்டன. அந்தக் கோப்புகளில் பல இன்றும் வன்தட்டுகளில் இருக்கின்றன. இருந்தும் இல்லாத நிலை. அவற்றைத் திறக்கும் மென்பொருளுக்குச் சாவி இல்லை. ஆகவே சாவியைப் பற்றிப் பேசுவது நம் எழுத்தைப் பற்றிப் பேசுவதும் ஆகும்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கடையில் மென்பொருளை 'வாங்கினேன்' என்கிறோம். உண்மையில் நாம் வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியைத்தான். உடைமை, செய்தவரிடமே இருக்கிறது. காவிரிப் படுகைக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய உரை தேவையில்லை. நிலம் ஒருவர் பெயரில், அல்லது கோயில் பெயரில், மடத்தின் பெயரில். உழுவது வேறொருவர். மென்பொருள் உரிமம் என்பது குத்தகை. உரிமச் சாவி என்பது குத்தகைச் சீட்டு. சீட்டைத் தொலைத்த குத்தகைதாரரின் கதி என்னவென்று தஞ்சை மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தபோதுதான் 'செயற்படுத்தல்' என்னும் சடங்கு நம் வீடுகளுக்கு வந்தது. ஐந்தைந்தாக ஐந்து தொகுதிகள், ஆக இருபத்தைந்து குறிகள். அதை உள்ளிட்ட பின் முப்பது நாட்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நிறுவனத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். இந்தக் குறிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஓர் அச்சுக்கோப்பாளரின் கவனம் தெரிகிறது. ஆங்கில உயிரெழுத்துகள் ஒன்றுகூட அதில் கிடையாது. எனவே தற்செயலாகக்கூட ஒரு கெட்ட சொல் உருவாகிவிடாது. பூஜ்யம், ஒன்று, ஐந்து ஆகிய எண்களும் கிடையா. எக்ஸ்பி காலத்துச் சாவிகள் பதினேழு எழுத்துகளும் ஏழு எண்களுமாக மொத்தம் இருபத்துநான்கு குறிகளுக்குள் அடங்கிவிடும். தேய்ந்த ஒட்டுச்சீட்டில் பூஜ்யம்போல் ஒன்று தெரிந்தால் அது பூஜ்யமாக இருக்க முடியாது, டி அல்லது க்யூ என்று துணிந்து படிக்கலாம். பி-யும் எட்டும் மட்டும் இரண்டுமே உண்டு என்பதால் குழப்பும். பழஞ்சுவடி படிப்பவர்கள் பாடபேதம் தீர்க்கும் முறைதான் இது.

அந்தச் சாவிக்கு நம்மூரில் என்ன மரியாதை கிடைத்தது? எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே, பெருநிறுவனங்களுக்கென அளிக்கப்பட்ட ஒரு பொதுச்சாவி கசிந்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. அதற்குச் செயற்படுத்தலே தேவைப்படவில்லை. குறுந்தகட்டின் மேல் மையெழுதுகோலால் கிறுக்கப்பட்ட அத்தகைய சாவிகளோடுதான் சிறு நகரங்களின் கணினிக் கடைகள் வளர்ந்தன. 2002-இல் வந்த முதல் திருத்தப் பொதி, கசிந்த சாவியுள்ள கணினிகளில் ஏற மறுத்தது. திருத்தம் ஏறாத கணினியில் நச்சுநிரல் ஏறும். நச்சுநிரல் ஏறினால் மீண்டும் ஃபார்மட். ஃபார்மட்டுக்கு மீண்டும் அதே சாவி. வாய்க்காலைத் தூர்வாராமல் ஆண்டுதோறும் கரை உடைந்ததென்று மண்மூட்டை அடுக்குவது போன்ற சுழற்சி.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினியை முழு விலை கொடுத்து வாங்கியவர், அதனுடன் வந்த இயங்குதளத்துக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறார். அவருடைய சாவி, கணினியின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கடைக்குப் போனதும் அங்கே கையில் இருக்கும் தகட்டைப் போட்டுப் பொதுச்சாவியை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நேர்மையாக வாங்கியவர், தனக்குத் தெரியாமலே திருட்டுப் பிரதிக்காரர் ஆகிவிடுகிறார். பட்டா கையில் இருந்தும் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டவர் நிலை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாவி என்று ஒன்று உண்டு, அது தன் சொத்து என்று வாடிக்கையாளர் கேட்டால் அவர் அதைப் போட மறுக்கப் போவதில்லை. கேட்பாரில்லை என்பதுதான் குறை.

*

ஆகவே, கேட்கத் தெரிந்துகொள்வோம். இயங்குதளத்தை அழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், பெயர்பெற்ற நிறுவனங்களின் கணினிகளில் சாவி தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருளிலேயே பொதிக்கப்படுகிறது. அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் கணினி தானே அதைப் படித்துக்கொள்ளும். 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல், கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு உரிமம் நிறுவனத்தின் வழங்கியிலேயே பதிவாகிறது. 2016-க்குப் பின் அதை நம் பயனர் கணக்கோடும் இணைத்துக்கொள்ளலாம். தாய்ப்பலகையை மாற்ற நேர்ந்தால் இந்த இணைப்புத்தான் கைகொடுக்கும். ஆனால் ஒன்று: கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாகக் கடையில் வாங்கிய உரிமத்தைத்தான் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ள முடியும். இரண்டில் நம்முடையது எது என்று தெரியாமல் தாய்ப்பலகையை மாற்றக்கூடாது.

எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்ற பழையவற்றில், உள்ளிட்ட சாவி உருமாற்றப்பட்ட வடிவில் கணினியின் பதிவேட்டில், ரெஜிஸ்ட்ரி என்கிறோமே அதில், எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சொல்லும் சிறு கருவிகள் உண்டு. நிர்சாஃப்ட்டின் புரொடுகீ அவற்றில் பலரும் அறிந்தது. கணினி இறந்து வன்தட்டு மட்டும் பிழைத்திருந்தாலும், அதை வேறொரு கணினியில் இணைத்து அந்தப் பதிவேட்டைப் படிக்கலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பெருநிறுவனக் கணினிகளில் பதிவேட்டில் இருப்பது அந்த மாதிரிக் கணினிகள் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையில் போட்ட பொதுச்சாவியாக இருக்கலாம். மறுநிறுவலுக்கு உதவுவது ஒட்டுச்சீட்டில் உள்ளதே. இரண்டாவது, சாவி தேடும் கருவி என்ற பெயரில் சாவி திருடும் கருவிகளும் உலவுகின்றன. செய்தவரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்கக்கூடாது.

ஆஃபீஸ் தொகுப்பில் 2010 வரையிலான பதிப்புகளின் முழுச்சாவியையும் இப்படி மீட்டுவிடலாம். 2013-லிருந்து கடைசி ஐந்து குறிகளை மட்டுமே கணினி வைத்துக்கொள்கிறது. ஆகவே ரசீதும், பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரியும்தான் சாவி. வேறு சில மென்பொருள்கள் எத்தனை கணினிகளில் செயற்படுத்தப்பட்டன என்று எண்ணிக்கை வைத்திருக்கும். அவற்றை அழிப்பதற்கு முன் 'செயல்நீக்கம்' செய்யாவிட்டால், இல்லாத கணினி ஒன்று நம் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். செத்தவர் பெயர் குடும்ப அட்டையில் தொடர்வதுபோல.

கடைசியாக, மிக எளியதும் யாரும் செய்யாததும்: ஒரு நோட்டுப் புத்தகம். மென்பொருளின் பெயர், பதிப்பு, வாங்கிய நாள், ரசீது எண், சாவி, பதிவுசெய்த மின்னஞ்சல் ஆகிய ஆறையும் எழுதி வைத்தால் போதும். ஒட்டுச்சீட்டு தேய்வதற்கு முன் அதைப் படமெடுத்துக்கொள்ளலாம். அதன் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, வேறூரில் ஒருவரிடமோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. அப்படிப்பட்ட ஓர் இரவில் கணினியும், கணினிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த நோட்டும் சேர்ந்தே நனையும்.

*

இதுவரை சொன்னது தனிமனிதரின் நட்டம் பற்றி. இனிச் சொல்லப்போவது பொது நட்டம்.

1990களில் தமிழ் அச்சகங்கள் ஈயத்திலிருந்து கணினிக்கு மாறின. பக்கங்களைக் கோக்கப் பேஜ்மேக்கர். அதில் தமிழ் வரவழைக்க ஒரு தமிழ் மென்பொருள். தமிழ் மென்பொருள் என்றால் அநேகமாக ஒரு விசைப்பலகை இயக்கியும் சில எழுத்துருக்களும்தான். ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய இடங்களில் அடுக்கிக்கொண்டது. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் நிற்கும். வேறொரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்திருந்தால் வேறு ஐந்தோ ஆறோ குறிகள். கோப்பில் இருப்பது தமிழ் அன்று. அந்த எழுத்துருவைப் போர்த்தினால் தமிழ்போலத் தெரியும் ஆங்கிலக் குறிகள்.

இந்தக் குழப்பத்தின்மேல் பூட்டும் போடப்பட்டது. விலையுயர்ந்த தமிழ் மென்பொருள்கள் பலவற்றோடு 'டாங்கிள்' என்னும் ஒரு சிறு கட்டை வந்தது. அச்சுப்பொறியை இணைக்கும் இருபத்தைந்து ஊசித் துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும். அத்தகைய துளைகள் இன்றைய கணினிகளில் இல்லை. கட்டை பழுதானாலோ தொலைந்தாலோ மாற்றுக்கட்டை தர வேண்டிய நிறுவனமே பல இடங்களில் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. இந்த மூன்று அடுக்கில், அதாவது இயங்குதளம், பக்கம் கோக்கும் மென்பொருள், எழுத்துரு மென்பொருள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் சாவி போனாலும் மொத்தமும் போய்விடும். அதனால்தான் சில அச்சகங்களின் மூலையில் தூசு படிந்த ஒரு பழைய கணினியை, யாரும் ஃபார்மட் அடிக்கக்கூடாது என்ற கட்டளையோடு, உயிர்பிடித்து வைத்திருக்கிறார்கள். அது என்றைக்கு நிற்குமோ அன்றைக்கு ஒரு பத்தாண்டுக் காலத்து எழுத்து நிற்கும்.

அச்சுப்பிரதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' 1925-இல் தொடங்கியது. அதன் பழைய இதழைக் கையில் எடுப்பவர் யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. எம்.வி. வெங்கட்ராம் குடந்தையிலிருந்து நடத்திய 'தேனீ'க்கும் இதுவே பொருந்தும். ஈய அச்சில் வந்த இவ்விதழ்களை இன்று படிக்கலாம், மறுபதிப்புக்கு மீண்டும் அடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், கணினியிலேயே பிறந்த 1998-ஆம் ஆண்டுச் சிற்றிதழையும் மறுபதிப்புக்கு மீண்டும் அடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. முந்தைய தலைமுறைக்கு வசதி இல்லை, அடித்தார்கள். நமக்கு வசதி இருந்தும் அடிக்கிறோம்.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு இராது. பாட்டும் உரையும் தொடர்ந்து ஓடும். அதைப் படிக்கக் கற்க வேண்டியிருந்தது. சுவடி வைத்திருந்தவர்களில் தர மறுத்தவர்களும் உண்டு. ஆகவே பழங்காலம் கதவு திறந்த காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவடி கைக்கு வந்துவிட்டால், அதைப் படிக்கும் வழி அறிவு ஒன்றுதான். அந்த அறிவு ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் சென்றது. செல்லரிப்பு இருந்தது, பூட்டு இல்லை. தஞ்சை சரஸ்வதி மகால் 1918-இல் பொதுநூலகமான பிறகு, தர மறுக்கும் வீட்டுக்காரர் என்ற தடையும் அங்குள்ள சுவடிகளைப் பொறுத்தவரை நீங்கியது. நாம் நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். கோப்பு நம் கையிலேயே இருக்கிறது, மொழி நமக்குத் தெரிகிறது, எழுதியவரும் உயிரோடிருக்கிறார். படிக்க முடியவில்லை.

*

இந்த இடத்தில் மறுதரப்பையும் கேட்க வேண்டும். தமிழ் மென்பொருள் செய்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். மிகச் சிறிய சந்தை, மிகப் பெரிய உழைப்பு. ஒரு பிரதி விற்றால் அது நூறு இடத்தில் நகலாகும் என்று தெரிந்த ஒருவர் பூட்டுப் போடாமல் எப்படி இருப்பார்? நகல் எடுத்த கைகளில் இலக்கியம் பேசும் கைகளும் அடக்கம். எழுத்துரு ஒருவரின் கைவண்ணம் என்பதையே நாம் ஏற்கவில்லை. எழுத்துக்குக் காசா என்று கேட்டோம். புத்தகத்தைத் திருட்டுப் பதிப்பாகப் போட்டால் கொதிக்கும் நாம், அந்தப் புத்தகம் கோக்கப்பட்ட எழுத்துருவைத் திருடியதைப் பற்றிப் பேசியதில்லை. பூட்டுக்கு நாமும் காரணம். காசு கேட்காமல் தந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை இலவசமாகவே வந்தன. மத்திய அரசு 2005 ஏப்ரலில் தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வழங்கியது.

ஆகவே பூட்டே கூடாது என்பது என் கட்சியன்று. செய்தவருக்குக் கூலி வேண்டும். கேள்வி வேறு: பூட்டியவர் போன பிறகு சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

இங்கேதான் தஞ்சைக் குத்தகைக்கு வருகிறேன். இம்மாவட்டத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவரிடம் ஒரு துண்டுச்சீட்டும் இராது. நிலக்காரர் 'வெளியேறு' என்றால் வெளியேற வேண்டும். 1952-இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநில அளவில் வந்தது. பாதுகாப்பு வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. நான்தான் குத்தகைதாரர் என்று எப்படி நிரூபிப்பது? சீட்டு இல்லையே. அதற்கு விடையாக வந்தது 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். உழுபவரின் பெயரை அரசு அலுவலர் ஊர்வாரியாகப் பதிவேட்டில் ஏற்றுவார். அது முதல் சான்று, நிலக்காரரின் மனத்திலும் இல்லை, குத்தகைதாரரின் தகரப்பெட்டியிலும் இல்லை. பொதுவான ஓரிடத்தில் இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறாமல் போனவர்கள் பலர் என்பதும், அதற்காக வழக்காடியவர்கள் பலர் என்பதும் உண்மை. எனினும் அச்சட்டத்தின் மூலக்கருத்து சரியானது: பயன்படுத்துபவரின் உரிமைக்கான சான்றை உடைமையாளரின் தயவில் விடக்கூடாது.

மென்பொருளுக்கு இந்த மூலக்கருத்து இன்னும் வரவில்லை. இன்று விண்டோஸ் உரிமம் பதிவேட்டில்தான் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பதிவேடு நிலக்காரர் வீட்டுக் கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் நல்லவராக இருக்கும்வரை நல்லது. அடோபி நிறுவனம் 2013 ஜனவரியில் தன் பழைய சிஎஸ்2 தொகுப்பைச் செயற்படுத்தும் வழங்கியை நிறுத்தியது. அதை வாங்கியிருந்தவர்களுக்குச் செயற்படுத்தல் தேவைப்படாத பிரதியைத் தந்தது. நல்ல செயல். ஆனால் அது நிறுவனத்தின் பெருந்தன்மை, வாங்கியவரின் உரிமையாகக் கிடைத்ததன்று. மூடிப்போன ஒரு சிறிய தமிழ் நிறுவனத்திடம் பெருந்தன்மையை எதிர்பார்க்கவும் ஆளில்லை.

சட்டத்தில் சில கதவுகள் இருக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் அழிவுக்கும் எதிரான பாதுகாப்பாகக் காப்புநகல் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு பூட்டுடைப்பைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே குற்றமாக்குகிறது. அமெரிக்கா இதைவிடத் தெளிவாகப் பேசியது. பழுதான, மாற்றுக் கிடைக்காத, வழக்கொழிந்த டாங்கிள்களால் பூட்டப்பட்ட மென்பொருள்களைத் திறப்பது குற்றமாகாது என்று அங்கே 2003-இல் வெளிப்படையாக விதிவிலக்கு அளித்தார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு தெளிவான வரி இருந்தால், அச்சகத்துக்காரர் குற்றவுணர்ச்சியோடு செய்வதை நூலகர் பதிவேட்டில் எழுதிவைத்துச் செய்யலாம்.

*

பூட்டை உடைக்காமலே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. இதுதான் இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. நம் எழுத்துக்கு உண்மையான சாவி அந்த இருபத்தைந்து குறிகளும் அன்று, டாங்கிளும் அன்று. எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணைதான் சாவி. பழைய எழுத்துரு ஒன்றில் அதிகபட்சம் 256 இடங்கள். ஓர் எழுத்துருவின் மொத்த இரகசியமும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த அட்டவணை கிடைத்தால் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். பாமினி, டாப், டாம், திஸ்கி போன்ற பரவலான குறியேற்றங்களுக்கு மாற்றிகள் எப்போதோ வந்துவிட்டன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் என்.எச்.எம். மாற்றியும் அந்தப் பணியைச் செய்தவை. திறமூலமான ஓப்பன்-தமிழ் நிரற்தொகுப்பிலும் இவ்வசதி உண்டு. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கப் பேஜ்மேக்கர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ், 2015-இல் வந்த 4.4 பதிப்பு முதல் அதைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலையலாம். நமக்கு வேண்டியது சொற்கள்.

அட்டவணை கிடைக்காத அபூர்வ எழுத்துரு என்றால்? அச்சான இதழ் ஒன்றும், அதன் கோப்பு ஒன்றும் இருந்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அட்டவணையை நாமே உருவாக்கலாம். அறிந்த எழுத்தைக் கொண்டு அறியாத எழுத்தைப் படிப்பது கல்வெட்டறிஞர்களின் பழைய வழி. ஆனால் அதற்கு ஒப்பிடும் பொறுமையும் தமிழும் தெரிந்த ஒருவர் வேண்டும். இதனால்தான் இது கணினிக்காரரின் வேலை மட்டுமன்று, நம் வேலையும் என்கிறேன்.

தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அது இனி எழுதப்படுவதற்கு. ஏற்கெனவே எழுதப்பட்டதை யார் காப்பது? 1981-இல் தஞ்சையில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதற்குப் பக்கத்து அறையில், கணினிக் காலத்துச் சுவடிகளுக்கும் ஓரிடம் வேண்டும். 1990களின் தமிழ் மென்பொருள்கள், எழுத்துருக்கள், அட்டவணைகள், இயங்கும் நிலையிலுள்ள ஒன்றிரண்டு பழைய கணினிகள், அவற்றின் டாங்கிள்கள். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் தன் நூலை தேசிய நூலகத்துக்கும் பிற பொது நூலகங்களுக்கும் அனுப்பக் கடமைப்பட்டவர். அதுபோல, தமிழ் எழுத்துமுறை சார்ந்த மென்பொருளை விற்பவர், கடையைக் கட்டும் நாளில் பூட்டில்லாத ஒரு பிரதியையும் அட்டவணையையும் ஒப்படைக்கட்டும். அவர் வியாபாரத்துக்கு அதனால் நட்டமில்லை. வியாபாரம் முடிந்த பிறகுதானே கேட்கிறோம்.

அரசும் பல்கலைக்கழகமும் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதழ் நடத்தியவர்களும் நூல் வெளியிட்டவர்களும் இன்றே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பழைய கணினியை ஃபார்மட் அடிக்கக் கொடுக்கும் முன், எழுத்துருக் கோப்புகள் உள்ள உறையை முழுதாக நகலெடுத்து, படைப்புகள் உள்ள உறையோடு சேர்த்து வைப்பது. எழுத்துரு இல்லாத கோப்பு, உரையில்லாத சுவடியைவிட மோசம். இரண்டாவது, பிடிஎஃப் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாமல் இருப்பது. பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், மீண்டும் அதே ஆங்கிலக் குறிகள்தாம். அதில் எதையும் தேட முடியாது. மூன்றாவது, ஒருங்குறிக்கு மாற்றியதை எளிய உரைக் கோப்பாகவும் ஒரு பிரதி வைப்பது. உரைக் கோப்பைத் திறக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். அதுவே பூட்டில்லாத அலமாரி.

உரிமச் சாவியை நோட்டில் எழுதி வையுங்கள். அது உங்கள் குத்தகைச் சீட்டு, அதற்குரிய மரியாதையைக் கொடுங்கள். விலை கொடுத்து வாங்க முடிந்ததை விலை கொடுத்தே வாங்குங்கள். முடியாதபோது கட்டற்ற மென்பொருளுக்குப் போங்கள், கிறுக்கிய தகட்டுக்குப் போகாதீர்கள். மென்பொருள் குத்தகையாகவே இருக்கட்டும், பாதகமில்லை. ஆனால் அந்த வயலில் விளைந்த நெல் உழுதவருடையது. களத்து மேட்டிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவர இன்னொருவரிடம் சாவி கேட்கும் நிலையில் எழுத்தாளர்களும் இதழாசிரியர்களும் இருக்கக்கூடாது. உங்கள் மேசையடியிலோ பரணிலோ அப்படிப்பட்ட பழைய வன்தட்டு ஒன்று கிடக்குமானால், அது சுழலும் நிலையில் இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.